எட்டாம் இலக்கத்தின் வலது தோள்

1

என் மகள் ஒரு கோல்கூட அடிக்காத ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பதினைந்து பெற்றோர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி. விளையாட்டுக் கழகத்தின் சின்ன அறை. நடுவில் கோப்பிக் குடுவை, சுற்றிவர மடக்குக் கதிரைகள். நோர்வேக்காரர் சத்தம் போட்டு வாதாடுவதில்லை. கையை உயர்த்தி, முறை வரும்வரை காத்திருந்து, மற்றவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொண்டுவிட்டு, மீதியைத் தணிந்த குரலில் வெட்டுவார்கள். பதினேழு வருடம் இந்த நாட்டில் இருந்த பிறகும் அந்தத் தணிந்த குரல் எனக்குப் பயம்தான். சத்தம் போட்டால் கோபம் எவ்வளவு என்றாவது தெரியும்.

ஆட்டம் ஹொண்ட்பால். ஊரில் நாங்கள் ஆடிய கரப்பந்து அல்ல. காற்பந்து போல இரண்டு பக்கமும் கோல் கம்பம்; பந்தைக் காலால் உதைப்பதற்குப் பதில் கையால் எறிவார்கள். பனிக்காலம் முழுவதும் மண்டபத்துக்குள் நடக்கும். இங்கே பெண்பிள்ளைகள் பாதிப்பேர் இதைத்தான் விளையாடுகிறார்கள். என் மகள் நிதுஷாவின் இடம் நடு. அந்த இடத்துக்கு மிட்பாக் என்று பெயர். எந்தத் தாக்குதலும் அவள் கையில்தான் தொடங்கும். விரல்களைக் காட்டி எந்த முறை என்று சொல்லுவாள், பந்தை இடமோ வலமோ கொடுப்பாள். கோல் அடிப்பது மற்றவர்கள்.

சனிக்கிழமை ஆட்டத்தில் கோல் அடித்தவள் காயா. பதினொரு கோல். நகரின் மறுபக்கத்துக் கழகம் ஒன்றிடம் மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகள், அன்றைக்குத்தான் இருபத்துநாலுக்கு இருபத்துமூன்று என்று வென்றிருந்தார்கள். மாவட்ட அணித் தெரிவுக்குக் கழகம் ஒரு பெயர்தான் அனுப்பலாம். காயாவா, நிதுஷாவா என்பதுதான் வழக்கு.

"பதினொரு கோல்," என்றார் காயாவின் தகப்பன் ஸ்டைன். "அது தாளில் எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் அபிப்பிராயம்."

"அதில் ஏழு இரண்டாம் பாதியில் விழுந்தவை," என்றாள் பயிற்சியாளர் மாரிட். "ஏழும் ஒரே இடத்தால் போனவை. அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார்? நிதுஷா ஆட்டத்தைப் படிக்கிறாள். அதைத் தாளில் எழுத இடமில்லை."

வென்றது பதினான்கு பிள்ளைகளும்தான், ஒருத்தியைத் தனியே தூக்கிப் பிடிப்பது சரியில்லை என்று ஒரு தாய் சொன்னாள். அதற்கும் தலையாட்டினார்கள். என் கணவர் சிறி கதிரையின் கீழே என் காலைத் தன் காலால் தட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. பெற்ற தாய் நீயும் ஏதாவது சொல்லு என்று அர்த்தம்.

நான் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தை நிதுஷா எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று மாரிட். மற்றது நான்.

2

அந்த இடத்தில் காவல் நின்றவள் என் அக்காவின் மகள் கௌசிகா. எட்டாம் இலக்கச் சட்டை.

அக்கா நகரின் மறுபக்கத்தில், அம்மருட்டில் இருக்கிறாள். நாங்கள் நகரின் தெற்கே, ஹவுகெட்டோவில். அத்தான் அகதியாக வந்து, பிறகு அக்கா வந்து, அதற்குப் பிறகு நான் வந்தேன். நான் வந்த முதல் எட்டு மாதமும் அவர்கள் வீட்டில்தான். கௌசி அப்போது வயிற்றில். நிது பிறந்தபோது அக்கா இடுப்பில் கௌசியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே தொட்டிலில் கிடந்தவர்கள், ஒரே சோற்றுக் கோப்பையில் சண்டை பிடித்தவர்கள். வளர வளர எங்களோடு பேச்சுக் குறைந்தது, அவர்களுக்குள் குறையவில்லை. கணினியில் எழுதிக்கொள்வார்கள், தொலைபேசியில் செய்தி அனுப்புவார்கள், எங்களுக்கு விளங்காத வேகத்தில், நோர்வே மொழியான நொர்ஷ்க்கில் சிரிப்பார்கள். விளையாட்டில் மட்டும் அவளவள் தன் தன் பகுதிக் கழகம். வருடத்துக்கு ஒரு முறை எதிரெதிரே நிற்பார்கள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி வலைப்பந்து அணியில் அவள் சென்ரர். வலைப்பந்தில் சென்ரர் கோல் போடமுடியாது, சட்டமே அப்படி. மைதானம் முழுக்க ஓடிப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. எங்களுக்குப் பரம எதிரியான கல்லூரியை அவர்களுடைய மைதானத்திலேயே வென்ற வருடம், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதிபர் அம்மா கோல் போட்டவளை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார். அக்கா வரிசையில் நின்று கை தட்டினாள். சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது, "பந்து அவளிட்டைத் தானாப் போகேல்லை" என்று ஒரு தரம் சொன்னாள். பிறகு அந்தக் கதையை எடுத்ததே இல்லை.

அதனால் நிதுவின் ஆட்டம் என்றால் அக்காவுக்கு உயிர். கோலை எண்ண மாட்டாள். நிதுவின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். "என்ரை ஆட்டம் என்ரை வயித்திலை வந்ததுக்கு வரேல்லை, உன்ரை வயித்திலை வந்ததுக்கு வந்திட்டுது" என்று கௌசிக்கு முன்னாலேயே சொல்லுவாள். கௌசி அதற்குக் கோபிக்கிறவள் அல்ல. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

3

இங்கே பிள்ளைகளின் கழகங்கள் பெற்றோரின் சம்பளமில்லாத உழைப்பில்தான் ஓடுகின்றன. அதை டுக்நாட் என்பார்கள். வாஃபல் சுட்டு விற்பது, மண்டபம் கூட்டுவது, காரில் ஏற்றி இறக்குவது. அந்த வருடத்திலிருந்து என்னுடைய முறை அணி உதவியாளர் வேலை. தண்ணீர்ப் போத்தல் நிரப்ப வேண்டும், தோடம்பழம் வெட்டிக் கொடுக்க வேண்டும், முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவளுக்கு இதெல்லாம் பெரிய வேலையில்லை. நொர்ஷ்க் அதிகம் கதைக்கவும் தேவையில்லை.

சனிக்கிழமை இடைவேளைக்குப் போகும்போது எங்கள் பிள்ளைகள் ஒன்பது, அவர்கள் பதின்மூன்று. நான் உடை மாற்றும் அறையின் மூலையில் நின்று தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். மாரிட் வெள்ளைப் பலகையில் ஆறு வட்டம் போட்டாள். எதிரணியின் காவல் வரிசை அது.

"எங்கே ஓட்டை?" என்று கேட்டாள்.

காயா நிதுவைப் பார்த்தாள். "எட்டாம் இலக்கம் உன் பெரியம்மாவின் மகள்தானே. அவளுக்கு எது கஷ்டம்?"

எல்லாரும் நிதுவைப் பார்த்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு காலணிக் கயிற்றைக் கட்டினாள். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். பிறகு சொன்னாள்.

"எட்டாம் இலக்கத்துக்குத் தோள் நோகுது. வலது தோள். கையை மேலே தூக்க அவளால் ஏலாது."

கௌசி என்று சொல்லவில்லை. எட்டாம் இலக்கம் என்றுதான் சொன்னாள்.

மாரிட் ஒரு வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டாள். "அப்படியென்றால் காயா அவளுக்கு மேலால் எறியட்டும். ஒவ்வொரு முறையும்."

என் கையில் கத்தி நின்றுவிட்டது. முதலில், எனக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் விளங்கியது. அந்த நொர்ஷ்க்கில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. அக்கா பார்வையாளர் வரிசையில் இருந்தாள். அறையை விட்டு வெளியே வந்து பன்னிரண்டு படி ஏறினால் அவளிடம் சொல்லிவிடலாம். அக்கா, கௌசிக்குத் தோள் சரியில்லை, இறக்காதேங்கோ. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

நான் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் மண்டபத்துக்குள் போனேன். நாலு கோல் பின்னால் நிற்கிறார்கள், அதை எட்டிப்பிடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் மகளை எல்லாரும் அப்படிப் பார்த்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

4

இரண்டாம் பாதியில் நிது பந்தை எடுத்தாள், இடப்பக்கம் காயாவுக்குக் கொடுத்தாள், காயா எழும்பி எறிந்தாள். கௌசி இரண்டு கையையும் உயர்த்தித் தடுக்க வேண்டும். இடக்கை மட்டும் மேலே போனது. வலக்கை முகத்து மட்டத்தில் நின்றுவிட்டது. பந்து அந்த இடைவெளியால் போனது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. எங்கள் பெற்றோர் எழும்பி நின்று கத்தினார்கள். மண்டபம் அதிர்ந்தது.

நான் மேலே பார்த்தேன். அக்கா கத்தவில்லை. பந்தையும் பார்க்கவில்லை. நிதுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, கீழே வாங்கிலில் இருந்த என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஒரு போத்தலின் மூடியைத் திருகினேன்.

ஏழாவது கோலுக்குக் கௌசி பல்லைக் கடித்துக்கொண்டு வலக்கையை உயர்த்தியே விட்டாள். எழும்பி வந்த காயாவின் உடம்பு அந்தக் கையில் மோதி அதைப் பின்னால் தள்ளியது. காயா வேண்டுமென்று செய்ததல்ல. பந்து கோலுக்குள் போனது. கௌசி நிலத்தில் இருந்தாள், வலக்கை அவளுடையது இல்லாதது போலத் தொங்கியது. அவள் போட்ட சத்தத்தில் மண்டபம் அடங்கிவிட்டது.

நிது ஓடி வந்தாள். இரண்டு அடி தள்ளி நின்றுவிட்டாள். கிட்டப் போகவில்லை.

கௌசியை வெளியே கொண்டுபோன பிறகும் ஆட்டம் நடந்தது. எங்கள் பிள்ளைகள் இருபத்திரண்டு, அவர்கள் இருபது என்று நின்றது, கடைசியில் ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்தது. அந்தக் கடைசி நிமிடங்களை நான் காணவில்லை. அக்காவோடு காரில் ஏறிவிட்டேன்.

5

அவசர சிகிச்சை நிலையத்தில் எண் எழுதிய சீட்டு எடுத்துக்கொண்டு இருக்க வேண்டும். முன்னால் இருபத்தாறு பேர். அத்தான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்; முறை முடியாமல் இறங்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தாதி பிள்ளையின் பதினொரு இலக்க அடையாள எண்ணைக் கேட்டாள். அக்காவுக்கு அது வாயில் வரவில்லை. எந்த அலுவலகத்திலும் தடுமாறாமல் சொல்கிறவள், பிறந்த தேதியில் தொடங்கி மூன்று தரம் பிழைவிட்டாள். நான் இடையில் புகுந்து, பிள்ளைக்குத் தோள் நோகிறது என்று சொல்லப் பார்த்தேன். நொர்ஷ்க்கில் தோளுக்கு ஒரு சொல், குற்றத்துக்கு ஒரு சொல். எழுத்தில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலிருக்கும். அந்த அவசரத்தில் என் வாயில் மற்றது வந்துவிட்டது. பிள்ளைக்குக் குற்றம் நோகிறது என்றேன். தாதி சிரிக்கவில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தோள், சித்தி," என்று கௌசி கண்ணை மூடிக்கொண்டே நொர்ஷ்க்கில் திருத்தினாள். தன்னுடைய எண்ணையும் அவளே சொன்னாள்.

மூட்டு விலகியிருந்தது. இழுத்துப் போட்டார்கள். இளம் டொக்டர் படத்தைக் காட்டி, இது இன்றைக்கு வந்த காயம் மட்டும் இல்லை என்றார். இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே தசைநார் கிழிந்திருக்கிறது. தெரிந்திருந்தால் விளையாடியிருக்கவே கூடாது.

அக்கா மகளைப் பார்த்தாள். "ஆருக்குச் சொன்னனீ?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"கௌசி. ஆருக்குச் சொன்னனீ?"

"ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லுறன். பனியிலை விழுந்தனான். சொன்னால் நீங்கள் விளையாட விடமாட்டியள்."

பொய். அவள் என்னைப் பார்க்காமல் சொன்ன பொய். நிதுவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் இருந்துகொண்டிருக்க.

அந்த நேரம் நிது தன் அணியோடு பீட்சாக் கடையில் இருந்தாள்.

6

இனித் திரும்பவும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். மாரிட் தன் முடிவைச் சொன்னாள். நிதுஷாவின் பெயர் போகும். ஸ்டைன் தணிந்த குரலில், தனக்கு இது நியாயமாகப் படவில்லை என்று பதிவு செய்யும்படி கேட்டார். பதிவு செய்தார்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டிய படிவம் ஒன்றை மாரிட் எங்களிடம் தந்தாள். சிறி அங்கேயே கையெழுத்திட்டார். நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி கைப்பைக்குள் இருந்தது.

வீட்டில் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, உடை மாற்றும் அறையில் நான் கேட்டதைச் சிறிக்குச் சொன்னேன். நிதுவும் நின்றாள். சிறி சொன்னார்:

"விளையாட்டெண்டால் எதிராளிக்கு எங்கை இயலாதெண்டு பாக்கிறதுதானே. அவள் பொய் சொல்லேல்லையே."

"கௌசி அவளை நம்பிச் சொன்னது."

"நோகுதெண்டால் அவள் இறங்கியிருக்கக் கூடாது," என்றாள் நிது. "அது அவளின்ரை முடிவு. நான் தள்ளி விழுத்தினனானோ? மாரிட் கேட்டவ, நான் சொன்னனான். மிட்பாக் அதைத்தான் செய்யிறது. நீங்கள் விளங்காமல் கதைக்கிறியள் அம்மா."

விளங்காமல். பள்ளிக்கூடத்துக் கடிதம், வரிப் படிவம், பெற்றோர் கூட்டம், எதற்கும் அவள் எனக்குச் சொல்லும் சொல் அது. பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

"அதுக்குத்தான் அவளை எட்டாம் இலக்கம் எண்டு சொன்னனியோ?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. நான் அறையில் நின்றதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. உதவியாளரை யார் கவனிக்கிறார்கள்?

"அப்ப ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?" என்றாள். "கேட்டுக்கொண்டு நிண்டனீங்களே. ஏன் பெரியம்மாவிட்டைப் போகேல்லை?"

சிறி என்னைப் பார்த்தார். மூன்று நாளாக என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி, இப்போது என் மகளின் வாயிலிருந்து வந்தது.

"நாளைக்கு நான் அக்காவிட்டைப் போறன்," என்றேன். "என்ரை பங்கை நான் சொல்லுவன். உன்ரையை நான் சொல்லமாட்டன். வாறதெண்டால் வா."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

7

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு, நான் ரயிலுக்கு நிற்கும்போது அவள் ஹவுகெட்டோ நிலையத்துக்கு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

நகரத்தில் இறங்கி, தமிழ்க் கடைகள் இருக்கும் குறொன்லாண்டுக்கு நடந்தோம். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கேதான் சாமான் வாங்குவேன். கடையில் முருங்கைக்காயும் கௌசிக்குப் பிடித்த பால்கோவாவும் எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"பலகாரம் குடுத்தால் சரியா வந்திடுமோ?" என்றாள் நிது.

பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அம்மருட் போகும்வரை சுரங்கரயிலில் எதிரெதிரே இருந்தோம். அவள் தன் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் விட்ட பழக்கம்.

அக்கா கதவைத் திறந்தாள். "வாங்கோ," என்றாள். அக்கா என்னை ஒருநாளும் வாங்கோ என்று கூப்பிட்டதில்லை. "வாடி" தான். காலில் கட்டி வந்த பனி உருகித் தண்ணீராகும்வரை வாசலிலேயே நின்றோம்.

கௌசி சோஃபாவில் இருந்தாள். கை கழுத்தில் தொங்கியது. தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நிதுவைக் கண்டதும் அவள் தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

நிது ஜக்கெற்றைக் கழற்றவில்லை. "பெரியம்மா, நான்தான் சொன்னனான்," என்றாள். குரல் உடைந்து சின்னப் பிள்ளையின் குரலாக வந்தது. "இடைவேளையிலை. மாரிட் கேட்டவ. கேக்காட்டிச் சொல்லியிருப்பனோ எண்டு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "மூண்டாவது பந்திலையே தெரியும். நான் சென்ரர் விளையாடினவள். ஓட்டை எங்கையெண்டு தேடுறவள் முதல் அங்கை ஒண்டு இஞ்சை ஒண்டு போட்டுப் பாப்பாள். நீ தேடேல்லை. நேரை வந்தனீ."

நிது அழத் தொடங்கினாள். அக்கா அவளைத் தேற்றவில்லை.

"அக்கா," என்றேன். "நானும் அந்த அறையிலை நிண்டனான். அவள் சொன்னதைக் கேட்டனான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். அதை மட்டும் அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, மெல்லக் கேட்டாள்:

"நொர்ஷ்க்கிலை தானே சொன்னவள். உனக்கு விளங்கினதோ?"

அவள் எனக்கு ஒரு வழி திறந்து தந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. விளங்கவில்லை அக்கா, பிறகுதான் விளங்கியது என்று சொன்னால் போதும். எல்லாரும் நம்புவார்கள். இந்த நாட்டில் எத்தனை இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லித் தப்பியிருக்கிறேன். நிதுகூட அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"விளங்கினது," என்றேன். "ஒவ்வொரு சொல்லும் விளங்கினது."

"அவளுக்குப் பதினாறு வயசு. உனக்கு நாப்பத்திரண்டு." அக்கா சத்தம் போடவில்லை, நோர்வேக்காரரைப் போலத் தணிந்த குரலில்தான் கேட்டாள். "அந்த அறையிலை இருந்து நான் இருந்த இடத்துக்கு எத்தினை படி?"

"பன்ரண்டு."

"எண்ணியிருக்கிறாய். ஏன் ஏறேல்லை?"

"வெல்லவேணும் எண்டு நினைச்சனான்."

கடைசியில் கௌசிதான் பேசினாள், தொலைக்காட்சியைப் பார்த்தபடி.

"நான் நிதுவுக்குத்தான் சொன்னனான். மிட்பாக்குக்குச் சொல்லேல்லை."

நிது ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். "ஓம்," என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது அப்போது பிடிக்கவில்லை. இப்போது யோசித்தால், அவள் சொன்ன அந்த ஓம் போதும் என்றுதான் படுகிறது.

கௌசி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"தலை கடிக்குது," என்றாள் பிறகு. "நாலு நாளாத் தோயேல்லை. அம்மா வாத்தால் கையை அசைச்சுப்போடுறா."

நிது ஜக்கெற்றைக் கழற்றினாள். சட்டைக் கையை மடித்தாள். இரண்டு பேரும் குளியலறைக்குப் போனார்கள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. கதிரை இழுபடும் சத்தம். "மெல்ல. காதுக்கை போகுது," என்று கௌசியின் குரல். பிறகு நொர்ஷ்க்கில் ஏதோ. பிறகு ஒன்றுமில்லை, தண்ணீர் மட்டும்.

நான் குசினி வாசலில் நின்றேன். அக்கா அடுப்பில் கேத்தில் வைக்கவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த கௌசியின் மாத்திரைகளை அடுக்கினாள், அடுக்கியதை மறுபடியும் அடுக்கினாள்.

"நீ போ," என்றாள். "அவள் நிக்கட்டும்."

நான் போனேன்.

அம்மருட் நிலைய மேடையில் நிற்கும்போது சிறி தொலைபேசி எடுத்தார். "என்னவாம்? சமாதானமோ?"

"நிதுவோடை சமாதானம் போலை. அங்கை நிக்கிறாள்."

"உன்னோடை?"

"என்ரை வழக்குக்கு அக்கா இன்னும் நாள் தரேல்லை," என்றேன்.

8

நிது மூன்று நாள் அங்கே நின்றாள், அங்கிருந்தே பள்ளிக்கூடம் போனாள். நாலாம் நாள் வந்து மேசையில் கிடந்த படிவத்தைக் கிழித்தாள். மாரிட்டுக்குத் தானே தொலைபேசியில் சொன்னாள்: ஓட்டையைக் கண்டுபிடித்தது தான் இல்லை, காயாவின் பெயரை அனுப்புங்கள். காயா மாவட்ட அணிக்குப் போனாள். ஸ்டைன் மண்டபத்தில் என்னைக் கண்டு கை குலுக்கி, நியாயம் நடந்தது என்றார். மாரிட் இன்றுவரை என்னோடு அதைப் பற்றிப் பேசவில்லை. சிறியும் நானும் அது பிழையா, விளையாட்டா என்று இன்னும் சில இரவுச் சாப்பாடுகளில் வாதாடுகிறோம். அவர் முழுதும் பிழை என்று எனக்கும் சொல்ல முடியவில்லை.

கௌசிக்கு வசந்தகாலத்தில் தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. அக்கா என்னைக் கூப்பிடவில்லை. அத்தான்தான் செய்தி சொன்னார். பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் பிள்ளைகள் போய் வந்தார்கள், பலகாரம் போய் வந்தது. நாங்கள் இருவரும் தேவையான அளவு பேசினோம், அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

இந்தக் கிழமை மறுபடியும் அந்த ஆட்டம். கௌசி ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தரம் விளையாடுகிறாள். இன்று காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம், அக்கா தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

"சனிக்கிழமை வருவியோடி?"

"வருவன் அக்கா."

"மேலை என்னோடை இரு. கீழை இறங்காதை."

வேலைக்குப் பிந்திவிட்டது. என்றாலும் சப்பாத்தோடு கணினிக்கு முன்னால் இருந்து, அகராதி பார்க்காமல், மாரிட்டுக்கு இரண்டு வரி எழுதினேன். சனிக்கிழமை தண்ணீர்ப் போத்தல்களுக்கு வேறு யாரையாவது ஒழுங்கு செய்யவும். எனக்கு அன்று மேலே இடம் இருக்கிறது.